ஹெலிகாப்டர்ல எறங்குன பூண்டுக்காரி

அன்னைக்கு எனக்கு இருந்த சோலி ஒண்ணே ஒண்ணுதான். எங்க பூண்டு வயலை மேல இருந்து ஒரு வீடியோ எடுக்கணும்.

கொடைக்கானல் மலையில பூண்டின்னு ஒரு ஊரு, அங்க எங்களுக்கு வெவசாயம். பூண்டு, கொஞ்சம் கேரட். அதைப் போன்ல படம் புடிச்சு நான் போடுறது உங்களுக்குத் தெரியும். களை எடுக்குறதைப் போட்டா நாப்பது பேரு பாப்பீங்க. நான் வரப்புல வழுக்கி விழுந்ததைப் போட்டா ஊரே பாக்கும்.

அதுல ஒருத்தர் கேட்டிருந்தாரு. "அக்கா, படிக்கட்டு மாதிரி வயலு வச்சிருக்கீங்களே, மேல இருந்து பாத்தா எப்பிடி இருக்கும்?"

கேட்டவரு கேட்டுட்டு அவரு சோலியப் பாக்கப் போயிட்டாரு. எனக்குத்தான் சோறு எறங்கலை.

கொடைக்கானல்ல சீசனுக்கு ஒரு கம்பெனிக்காரங்க ஹெலிகாப்டர் விட்டிருந்தாங்க. பத்து நிமிசம் மலையச் சுத்திக் காட்டி எறக்கி விட்டுருவாங்க. எங்க வீட்டுக்காரரு கணேசன்கிட்ட சொன்னேன்.

"பக்கத்து மேட்டுல ஏறி நின்னு எடு. போதும்"னாரு.

"மேட்டுல இருந்து பாத்தா மேட்டுல இருந்து பாத்த மாதிரிதாங்க இருக்கும்."

அவரு அதுக்கு மேல பேசலை. பதினெட்டு வருசமா அவரு கத்துக்கிட்ட ஒரே நல்ல பழக்கம் அது.

வெள்ளனே கெளம்பினோம். வீடியோவுல மொகம் வருமேன்னு கல்யாணப் பட்டு எடுத்துக் கட்டிக்கிட்டேன். ஏரிக்கரைக் கடையில ஒரு கூலிங்கிளாஸ் வாங்கி மாட்டிக்கிட்டேன். கண்ணாடியில பாத்தேன். எனக்கே என்னைப் பாத்து எந்திரிச்சு நிக்கணும் போல இருந்துச்சு.

ஹெலிகாப்டர் ஏறுற எடத்துக்குப் போனா மொதல்ல எடை போடுறாங்க. நாங்க பூண்டு மூட்டைய எடை போடுற மாதிரியே, ஒரு பொண்ணு நோட்டும் கையுமா நின்னு ஒவ்வொருத்தரையா ஏத்தி எறக்குச்சு. எங்க வீட்டுக்காரரு ஏறுனாரு. எழுதிக்கிச்சு. ஒரு புதுக் கல்யாண ஜோடி ஏறுச்சு. எழுதிக்கிச்சு. நான் ஏறுனேன். எழுதாம என்னை ஒரு பார்வை பாத்துச்சு.

"மேடம், கையில இருக்குற பையக் கீழ வச்சிட்டு ஏறுங்க."

"கையில பை இல்லம்மா. அவரு வச்சிருக்காரு."

கடைசியில பேலன்ஸ் வேணும்னு சொல்லி என்னை மட்டும் முன்னாடி, பைலட்டுக்குப் பக்கத்துல ஒக்கார வச்சாங்க. நானும் மரியாதை போலன்னு நெனைச்சுக்கிட்டேன். பின்னாடி அந்த ஜோடியும், என் பையை மடியில வச்சுக்கிட்டு எங்க வீட்டுக்காரரும்.

மேல ஏறுச்சு. ஏரி ஒரு நட்சத்திரம் மாதிரி தெரிஞ்சுச்சு. நான் போனைத் தூக்கிப் புடிச்சேன். பைலட்டு சின்ன வயசுதான், நல்ல மொகம்.

"தம்பி, அப்பிடியே பூண்டிப் பக்கம் ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோமா? வயலு ஒண்ணு பாக்கணும்."

"மேடம், இது ரூட் பெர்மிஷன்ல பறக்குறது. ஷேர் ஆட்டோ மாதிரி திருப்ப முடியாது."

பின்னாடி இருந்து எங்க வீட்டுக்காரரு, "நான் அப்பவே சொன்னேன்"னாரு. அவரு அப்ப மேட்டைத்தான் சொன்னாரு, இதைச் சொல்லலை. இப்பவும் யாரும் கேக்கலை.

தூண்பாறைகிட்டப் போறப்பதான் பள்ளத்துல இருந்து மூட்டம் ஏறுச்சு. எங்க ஊரு மூட்டத்தைப் பத்தி எனக்குத் தெரியும். வர்றதுன்னு முடிவு பண்ணிட்டா யாரையும் கேக்காது. கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள ஏரி இல்லை, பாறை இல்லை, கொடைக்கானலே இல்லை. கண்ணாடிக்கு வெளிய வெள்ளையா ஒண்ணு நின்னுச்சு. அவ்வளவுதான்.

பைலட்டு மைக்குல என்னமோ இங்கிலீசுல பேசுனாரு. அப்புறம் எங்ககிட்ட, "பயப்படாதீங்க. இப்ப மேல எறங்க முடியாது. கீழ சமவெளி கிளியரா இருக்கு. அங்க எறக்கிடுறேன்"னாரு.

பின்னாடி அந்தப் பொண்ணு வாந்தி எடுத்துச்சு. மாப்பிள்ளை அது தலையப் புடிச்சுக்கிட்டு அதைவிட மோசமா இருந்தாரு. சொல்றதுக்கு என்ன, பழனி இருக்குற தெசை எதுன்னு தெரியாம நாலு பக்கமும் கும்புட்டேன்.

மலைய விட்டு எறங்கவும் பளிச்சுன்னு வெயிலு. தென்னந்தோப்பு, வாய்க்கா, ஒரு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்து மைதானத்துல ரெண்டு ஆடு மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. எங்களைப் பாத்ததும் ரெண்டும் எடத்தைக் காலி பண்ணுச்சு. தூசியக் கெளப்பிக்கிட்டு எறங்குனோம்.

எந்த ஊருன்னு சொல்ல மாட்டேன். ஏன்னு கடைசியில தெரியும்.

காத்தாடி நின்னதும் பைலட்டு சுத்தி வந்து என் பக்கத்துக் கதவைத் தொறந்து, விழுந்துறக் கூடாதேன்னு கையக் குடுத்தாரு. நான் எறங்குனேன். பட்டுச்சேலை, கூலிங்கிளாஸ். எனக்குப் பின்னாடி பையத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்காரரு. அந்த ஜோடி எறங்குற நெலமையில இல்லை.

பள்ளிக்கூடமே வாசலுக்கு வந்துருச்சு. மொத்தப் பிள்ளைகளும் ஒரே கொரல்ல, "குட்மார்னிங் மேடம்"னுச்சுங்க.

நானும், "குட்மார்னிங்"ன்னு சொன்னேன். தப்பு அங்கதான் ஆரம்பிச்சுச்சு.

ஹெட்மாஸ்டரம்மா ஓடியாந்தாங்க. "மேடம், வர்றீங்கன்னு தகவலே இல்லையே. சொல்லியிருந்தா ஏற்பாடு பண்ணியிருப்போமே."

"எங்களுக்கே தகவல் இல்லைம்மா"ன்னேன். உண்மையத்தான் சொன்னேன். அவங்க அதை அதிகாரிங்க பேசுற தோரணைன்னு எடுத்துக்கிட்டாங்க.

ஒரு நாற்காலி வந்துச்சு. அது மேல புதுத் துண்டு ஒண்ணு விரிச்சாங்க. எளநி வந்துச்சு. ஊராட்சிக் கிளார்க் ஒருத்தரு சட்டைப் பித்தானை மாத்திப் போட்டுக்கிட்டு டிவிஎஸ்ல வந்து எறங்குனாரு. எறங்குன வேகத்துல வண்டிக்கு ஸ்டாண்டு போட மறந்து, அது பின்னாடி தனியா விழுந்துச்சு.

எங்க வீட்டுக்காரரு காதுக்குள்ள வந்து, "ஏ ஈஸ்வரி, நீ அதிகாரி இல்லைன்னு வெரசாச் சொல்லிரு. உள்ள தூக்கி வச்சிருவாங்க"ன்னாரு.

"நான் எங்கங்க அதிகாரின்னு சொன்னேன்?"

"இல்லைன்னும் சொல்லலையே."

அவரு சொன்னது நெசம்தான். ஆனா எனக்கு அந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க மனசு வரலை. மானியத்துக்கும் பட்டாவுக்கும் நான் ஏறி எறங்குன ஆபீசுல எல்லாம் நாற்காலி மேசைக்கு அந்தப் பக்கம் மட்டும்தான் இருக்கும். இந்தப் பக்கம் நம்ம காலுதான். இன்னும் அஞ்சு நிமிசம் ஒக்காந்துட்டுச் சொல்லுவோம்னு எளநிய உறிஞ்சுனேன்.

அப்பதான் அந்தப் பக்கமா ஒரு அம்மா இடுப்புல ஒரு கொடம், தலையில ஒரு கொடம்னு தண்ணி தூக்கிட்டுப் போனாங்க. சத்துணவுச் சமையல்காரம்மா. பேரு பாண்டியம்மா. எல்லாரும் ஹெலிகாப்டரைப் பாத்துக்கிட்டு நிக்க, அவங்க மட்டும் அதுக்குக் குறுக்க நடந்து போனாங்க. அடுப்புல ஒலை கொதிக்குது, பாவம்.

"எங்கக்கா இருந்து எடுத்துட்டு வர்றீங்க?"

"ரோட்டுக்கு அங்கிட்டு, தோட்டத்துக் கெணத்துல இருந்துங்க."

"இங்க டேங்கு இருக்கே?"

கிளார்க் முன்னாடி வந்துட்டாரு. "மோட்டார் ரிப்பேர் மேடம். புது மோட்டாருக்கு எழுதிப் போட்டு நாலு மாசமாச்சு. மேல இருந்து வரணும்."

என் வாயி சும்மா கெடக்காது. "மேல இருந்துதான வந்திருக்கேன்"னுட்டேன்.

சும்மா வெளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவருக்கு மொகத்துல ரத்தமே இல்லை. எங்க வீட்டுக்காரருக்கும் இல்லை.

சரி, மோட்டாரையாவது பாப்போம்னு எந்திரிச்சுப் போனேன். நமக்கு மோட்டார்தான வாழ்க்கை. பொட்டியத் தொறந்து பாத்தா, ஸ்டார்ட்டருக்குள்ள கரி புடிச்சு, பல்லி ஒண்ணு செத்து ஒட்டிக் கெடக்கு.

"மோட்டார் நல்லாத்தாங்க இருக்கு. ஸ்டார்ட்டர்ல காண்டாக்ட் போயிருச்சு. புதுசு எதுக்கு? எலெக்ட்ரீசியனைக் கூப்புடுங்க. கரியச் சுரண்டி விட்டா ஓடும்."

கிளார்க் ஹெட்மாஸ்டரம்மாகிட்ட, "மேடம் எஞ்சினியரிங் போல"ன்னாரு. நான் பத்தாவது. அதுவும் கணக்குல போயிருச்சு.

எலெக்ட்ரீசியன் கால் மணி நேரத்துல வந்தாரு. எதுத்த தெருவுலதான் வீடாம். இத்தனை மாசமும் எதுத்த தெருவுலதான் இருந்திருக்காரு. சுரண்டுனாரு, பட்டனை அமுக்குனாரு. டேங்குல தண்ணி விழுகுற சத்தம் கேட்டுச்சு. பிள்ளைங்க கொழாயத் தொறந்து விட்டு ஒண்ணு மேல ஒண்ணு அடிச்சு வெளையாடுச்சுங்க.

எல்லாரும் கை தட்டுனாங்க. பாண்டியம்மா மட்டும் தட்டலை. கொடத்தை எறக்கி வச்சிட்டு என்கிட்ட வந்து மெல்லச் சொன்னாங்க.

"ஸ்டார்ட்டர்தான் கோளாறுன்னு நானும் இந்தக் கிளார்க்குகிட்ட ஆறு தடவை சொன்னேங்க. எங்க வீட்டுலயும் இதே மோட்டார்தான். நான் ஹெலிகாப்டர்ல வரலை பாருங்க, அதான் காதுல விழுகலை."

எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. அந்தக் கைதட்டு அவங்களுக்கு வர வேண்டியது. இனியும் ஒக்காந்திருந்தா நல்லா இருக்காதுன்னு வாயத் தொறக்கப் போனேன்.

அதுக்குள்ள கிளார்க் போனோட வந்து நின்னாரு. "மேடம், போட்டோவோட ரிப்போர்ட் அனுப்பணும். நீங்க எந்த டிபார்ட்மெண்ட்னு போடட்டும்?"

எங்க வீட்டுக்காரருக்குத் தாங்கலை. அம்புட்டு நேரம் அடக்கி வச்சிருந்தது ஒரே வார்த்தையா வந்துருச்சு.

"பூண்டுங்க."

கிளார்க் எழுத ஆரம்பிச்சாரு. "பூண்டு... வாரியமாங்க சார்?"

"வாரியம் இல்லைங்க. பூண்டு. வயல்ல போடுறது. நாங்க பூண்டிங்க. சுத்திப் பாக்க ஏறுனோம். மூட்டம் வந்துருச்சு."

கிளார்க் எழுதுனதை அழிக்க ஆரம்பிச்சாரு.

"ஆமாங்க. நான் அதிகாரி இல்லைங்க. மொதல்லயே சொல்லியிருக்கணும். தப்புதான்"னேன்.

கிளார்க் என்னைப் பாத்தாரு. ஹெலிகாப்டரைப் பாத்தாரு. போலீசைக் கூப்புடுவாரோன்னு நெனைச்சேன். அவரு கூப்புடலை. கூப்புட்டா, என்ன நடந்துச்சுன்னு அவருதான மொதல்ல சொல்லணும். பேசாம நாற்காலிய எடுத்துக்கிட்டு உள்ள போனாரு. துண்டை மட்டும் மறுபடி வந்து எடுத்துட்டுப் போனாரு.

பாண்டியம்மா சிரிச்ச சிரிப்பு அந்தத் தென்னந்தோப்பு வரைக்கும் கேட்டிருக்கும். சிரிச்சு முடிச்சு, எங்களை ஒக்கார வச்சு, சோறும் ஒரு முட்டையும் வச்சுக் குடுத்தாங்க. தரையிலதான் ஒக்காந்தோம். அந்த ஊருல நான் பயமில்லாம ஒக்காந்தது அங்கதான். என் நம்பரையும் வாங்கிக்கிட்டாங்க, மலைப் பூண்டு வேணும்னு.

பைலட்டு வந்து, "மேடம், இனி பேசஞ்சர் ஏத்த வேணாம்னு ஆபீசுல சொல்லிட்டாங்க. நீங்க ரோட்டு வழியாத்தான் போகணும்"னாரு. அந்த ஜோடி ஒரு காரு புடிச்சு ஓடிருச்சு. நாங்க பஸ் ஸ்டாப்புல நின்னோம். தலைக்கு மேல ஹெலிகாப்டர் காலியாப் போச்சு. வத்தலக்குண்டு போயி, அங்கிருந்து கொடைக்கானல், அங்கிருந்து பூண்டின்னு மூணு பஸ் மாறுனோம். பட்டுச்சேலையோட மூணாவது பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன்.

வீடியோவைப் போட்டேன். மொதல்ல கண்ணு மூடித் தொறக்குற நேரம் ஏரி, மிச்ச அஞ்சு நிமிசத்துக்கும் வெறும் வெள்ளை. கீழ ஒருத்தரு, "அக்கா, இது இட்லி மாவா?"ன்னு கேட்டிருந்தாரு.

ஒரு மாசம் கழிச்சுப் பாண்டியம்மா கூப்புட்டாங்க.

"ஏத்தா ஈஸ்வரி, பொம்பளப் பிள்ளைக கக்கூசுல கதவு கழண்டு கெடக்கு. சொல்லிச் சொல்லி வாயி ஓஞ்சு போச்சு. ஒரு எட்டு வந்துட்டுப் போறியா?"

"நான் யாருன்னுதான் கிளார்க்குக்குத் தெரியுமேக்கா."

"அவரை மாத்திட்டாங்க. இப்ப இருக்குறவரு புதுசு."

எனக்கு அந்தப் பிள்ளைகள நெனச்சா மனசு கேக்கலை. "சரிக்கா, வர்றேன். காலையில மொத பஸ்ஸப் புடிச்சு..."

"அய்ய, பஸ்ல வர்றதா இருந்தா நீ வரவே வேணாம்."