போனில் சொன்ன பழசு

இப்போதெல்லாம் போனில் பேசுகிறவர்கள் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சொல்வதே இல்லை. "அது", "இது", "வந்துடும்", "போயிடும்". கேட்கிறவன்தான் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். இன்னார் என்று சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

பெட்ரோல் பங்கில் வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டு செக்கரின் மனைவியும் அப்படித்தான் பேசினாள். செக்கர் சன்னலைக் கொஞ்சமாகத் திறந்து காதைக் கொடுத்தார்.

"ஆமாங்க, பழசுதான். ஏறும்போது முனகுது, இறங்கும்போது இருமுது. இனி ஒட்டுப்போட்டுப் பிரயோஜனம் இல்லைன்னு பெரிய பெரிய ஆளுங்களே கைவிரிச்சுட்டாங்க. ரோடு முடியற இடத்துல கொண்டுவந்து விட்டுடறேன். நீங்க நல்லபடியா பாத்துக்கிட்டாப் போதும்."

செக்கர் சன்னலைச் சத்தமில்லாமல் மூடினார்.

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அடுத்தவன் முழியைப் பார்த்தே காலம் தள்ளியவர். டாக்டர், வக்கீல், மழை வரும் என்று சொல்கிறவன், ஒருத்தனையும் நம்பமாட்டார். இந்தப் பழைய நெடுஞ்சாலையை எந்தக் காலத்திலோ ஒரு ராஜா போட்டதாக வழியெல்லாம் பலகை வைத்திருந்தார்கள். "எழுதினவன் கூட நின்னு பாத்தானா?" என்று ஒவ்வொரு பலகைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். பக்கத்தில் புது ரோடு வந்த பிறகு இதில் நாய்கள்தான் நிம்மதியாகப் படுத்திருந்தன. இரண்டு பக்கமும் பூட்டிய கடைகள், கூரை சரிந்த லாட்ஜுகள்.

இந்த ரோட்டின் கடைசி வரை, படுக்கையும் அடுப்பும் வைத்த வேனில் போயே தீரவேண்டும் என்று அடம்பிடித்தவள் அவள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து எதற்கும் அடம்பிடிக்காதவள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பழசு என்றால் வேனா? வேன் இருமாது. இருமுகிறவர் செக்கர். அவளும் இருமுவாள்தான், அது அவரிடமிருந்து தொற்றிக்கொண்டது என்பது அவர் கட்சி. ஆக, ரோடு முடிகிற இடத்தில் ஏதோ முதியோர் இல்லம். சாமானை இறக்கிப் போடுவதுபோல இவரை இறக்கிவிட்டு அவள் திரும்பிவிடுவாள்.

தான் பழசு இல்லை என்று காட்டிவிடுவது என முடிவு செய்தார். முதல் வேலையாக இருமலை விழுங்கினார். விழுங்க விழுங்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ஏங்க, ஏன் அழறீங்க?"

"யாரு அழறா? தூசி."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 'விடப்போற பாவம் உறுத்துது' என்று செக்கர் கணக்குப் போட்டார்.

அடுத்த நிறுத்தத்தில் அவரை அடுப்பு முன்னால் நிற்கவைத்தாள்.

"தூள் நல்லாக் கொதிச்சப்புறம்தான் பால். அவசரப்படக் கூடாது."

"எனக்கெதுக்குடி இதெல்லாம்?"

"தெரிஞ்சு வச்சுக்கங்க."

அங்கே அவனவன் தேநீரை அவனவன்தான் போட்டுக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது! சட்டைப் பித்தான் தைக்கச் சொல்லிக்கொடுத்தபோது சந்தேகமே இல்லாமல் போயிற்று. அவள் பாத்திரம் கழுவப் போன நேரத்தில் எஞ்சினைத் திறந்து, கைக்குக் கிடைத்த ஒயர் ஒன்றைப் பிடுங்கிவிட்டார். வண்டி போனால்தானே கொண்டுபோய் விடுவாள்?

வண்டி நகரவில்லை. ஆனால் சும்மா இருந்தால் கிழவன் என்பாளே.

"நீ ஸ்டியரிங்கைப் பிடி. நான் தள்றேன். இது என்ன பெரிய மலையா?"

ஒரே தள்ளு. வேன் அசையவில்லை, இடுப்பு அசைந்துவிட்டது. ஆங்கில எல் எழுத்துபோல வளைந்து நின்றவரை அவள் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் படுக்கையில் போட்டாள். போட்டுவிட்டு அவளே வெகுநேரம் மூச்சு வாங்கினாள்.

அவள் போன் போட்டு, மோட்டார் சைக்கிளில் வந்த மெக்கானிக் எஞ்சினைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எவனோ ஒயரைப் புடுங்கியிருக்கான்."

"நீதான் புடுங்கியிருப்பே, தொழில் நடக்கணுமே!" என்றார் செக்கர் படுத்தபடியே.

"பெருசு, நானே இப்பத்தானே வரேன்! சரி விடுங்க. அம்மா, எங்க போகணும்? கடைசியில இருக்கற கேட்டுக்கா? நானே ஓட்டிட்டு வந்து இறக்கிவிடறேன். நீங்களும் உட்காருங்க, மூச்சு வாங்குது பாருங்க."

ஒயரை மாட்டியதும் வேன் இதுவரை காணாத வேகத்தில் பறந்தது. சொந்த இடுப்பை உடைத்துக்கொண்டு, சொந்தமாக டிரைவரும் வைத்துக்கொண்டு, செக்கர் தன் விதியை நோக்கிப் படுத்தபடியே போனார்.

ரோடு கடலுக்கு முன்னால் நின்றது. ஒரு கேட், உள்ளே தாழ்வான வெள்ளைக் கட்டடம். சிலர் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். காவலாளி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

செக்கர் வலியோடு இறங்கி வேன் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அதுல நான் உட்கார மாட்டேன்! போன்ல நீ பேசினதைக் கேட்டேன்டி. பழசாம், இருமுதாம், கொண்டுவந்து விட்டுடறாளாம்! என்னை இங்க தள்ளிட்டுப் போகத்தானே இந்த ஊர்வலம்?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. மெக்கானிக் ஓடிப்போய் அவளைத் தாங்கி நாற்காலியில் உட்காரவைத்தார்.

"உங்களை யாருங்க கேட்டா?" என்றார் காவலாளி. "டாக்டருங்க கைவிரிச்சவங்களைத்தான் இங்க வச்சுப் பாத்துக்குவோம். போன்ல எங்கிட்டப் பேசினப்ப, பழசுன்னு அம்மா தன்னைத்தான் சொன்னாங்க."

செக்கர் நாற்காலியைப் பார்த்தார்.

"ஏன்டி எங்கிட்டச் சொல்லலை?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

"எந்த டாக்டர் சொன்னான்? கூட உள்ளே புகுந்து பாத்தானா?"

காவலாளி நாற்காலியைக் கேட்டின் பக்கம் திருப்பினார்.

"எல்லாம் ஏமாத்து வேலை. நான் போய்த் தேநீர் போடறேன். குடிச்சுட்டுக் கிளம்பு, வீட்டுக்குப் போகலாம்."

"ஏங்க, பால்..."

"தெரியும், தெரியும்."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேனின் அடுப்பைப் பார்க்க நடந்தார். தூள் முதலா பால் முதலா என்பது நினைவில் இல்லை. திரும்பிப் போய்க் கேட்கவும் இல்லை.