கைக்கட்டு நிஜமில்லை, மாமா

டார்ட்மத்,
நவம்பர் 11, மாலை

மரியாதைக்குரிய மாமா மர்டாக் கில்லிஸ் அவர்களுக்கு,

மாப்பிள்ளை வெண்டல் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் மகள் ஐலீனும் பேத்தி எஃபியும் இங்கே நலம். அறுவை செய்த இடுப்போடு நீங்கள் கேப் பிரெட்டனில் தனியாக எப்படிச் சமாளிக்கிறீர்களோ என்பதே எங்கள் கவலை.

முதலில் ஒன்று. எஃபியின் கைகளில் காயம் இல்லை. இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டோடு அவளைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பதறியிருப்பீர்கள். மதியத்திலிருந்து போன் போடுகிறேன், நீங்கள் எடுக்கவில்லை. கோபம் என்று புரிகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நடந்ததைச் சொல்கிறேன். ஐலீனுக்கு இன்று ஆஸ்பத்திரியில் வேலை. 'நவம்பரில் குழந்தைகளோடு எங்கே போகலாம்' என்று பத்திரிகையில் வந்ததை வெட்டி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். பதினோரு மணிக்குத்தானே போர்வீரர் நினைவு நாள் கூட்டம், அதற்குமுன் பிள்ளை கொஞ்சம் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தேன், அது தப்பா மாமா? இங்கிருந்து படகில் ஹாலிஃபாக்ஸுக்குப் போனோம். காற்று என்றால் உங்களுக்குத் தெரியாத காற்றா? வீரர்கள் நினைவாக என் கோட்டில் குத்தியிருந்த சிவப்புப் பாப்பிப் பூவைப் பிடுங்கிக் கடலில் போட்டது. கரையில் இன்னொன்று வாங்கிக் குத்தினேன், அது தெருவோடு போயிற்று. அதைத் துரத்திக்கொண்டே ஒரு தேவாலயக் கூடத்துக்கு வந்து சேர்ந்தோம். அங்கே பத்திரிகையில் போட்டிருந்தபடி குழந்தைகளுக்குக் காகிதத்தில் பாப்பி செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். தூரிகை போதவில்லையாம், சிவப்புச் சாயத்தைக் கையாலேயே பூசச் சொல்லிவிட்டார்கள். எஃபி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை, உங்கள் ரத்தம். அரை மணி நேரத்தில் முழங்கை வரை சிவப்பு. கழுவினால் போய்விடும் என்றார் அங்கிருந்த அம்மாள். குழாயில் வந்ததோ பனிக்கட்டி மாதிரித் தண்ணீர். சாயம் அசையவே இல்லை, பிள்ளையின் மூக்குதான் கூடுதலாகச் சிவந்தது.

கூட்டம் நடக்கும் மைதானத்துக்கு வந்தபோது ஊரே அங்கே இருந்தது. ஒரு மூதாட்டி எஃபியின் கைகளைப் பார்த்து ரத்தம் என்று கூச்சல் போட, முதலுதவிப் பையோடு ஓடி வந்த இளைஞர் ஒருவர் நான் வாயைத் திறப்பதற்குள் கட்டுப் போட ஆரம்பித்துவிட்டார். பெயிண்ட் என்று சொன்னேன். "அதிர்ச்சியில இருக்கீங்க சார், உட்காருங்க"ன்னு என் தோளை அமுக்கிவிட்டார். எஃபிக்குக் கட்டு ரொம்பப் பிடித்துப்போய், ஆடாமல் அசையாமல் நின்று இரண்டு கையையும் கொடுத்தாள்.

சரி, இதோடு முடிந்தது என்று எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டு திரும்பினால் பிள்ளையைக் காணோம். பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறக்கிறேன், கோட்டையில் பீரங்கி முழங்குகிறது. மௌன அஞ்சலி தொடங்கிவிட்டது.

மாமா, அந்த இரண்டு நிமிடத்தை நான் எப்படிச் சொல்வது? ஆயிரக்கணக்கான பேர் தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்து நிற்கிறார்கள். யாருக்காக என்பது எனக்கும் தெரியும். அங்கே நின்று கத்த முடியுமா? கத்தாமல் இருக்கத்தான் முடியுமா? நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தேன். பதக்கம் குத்திய ஒருவர் பார்த்த பார்வையில் அப்படியே நின்றேன். கண்ணை மட்டும் ஓட்டினேன். எஃபி மாதிரி நீலக் குல்லா போட்ட பிள்ளைகள் அந்த ஊரில் அத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. படகுத்துறைக்குப் போயிருப்பாளோ, ரோட்டைக் கடந்திருப்பாளோ என்று மனசு எங்கெங்கோ ஓடியது. ரோரியையும் நினைத்தேன். உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. உங்கள் வீட்டுக்கு முதல்முதலாகப் பெண் கேட்டு வந்தபோது நான் சொன்ன ஜோக்குக்குச் சிரித்த ஒரே ஆள் உங்கள் மகன்தான். அடுத்த வருஷமே அவனைப் போர்முனையிலிருந்து பெட்டியில் கொண்டுவந்தார்கள். என் பிள்ளையைக் காணாமல் இரண்டு நிமிடம் என்னால் நிற்க முடியவில்லை மாமா. வருஷா வருஷம் அதே இடத்தில் நீங்கள் எப்படி நிற்கிறீர்கள்?

எக்காளம் ஊதி முடித்ததும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன். முன்வரிசையில், மகனை இழந்த பெற்றோருக்குப் போடும் நாற்காலிகளில், உங்கள் பெயர் ஒட்டியதில் எஃபி உட்கார்ந்திருந்தாள். போன வருஷம் உங்கள் மடியில் அவள் உட்கார்ந்த அதே இடம். இந்த முறை நீங்கள் வரவில்லை, நாற்காலியை எடுத்துவிடச் சொல் என்று போனில் சொல்லியிருந்தீர்கள். மறந்துவிட்டேன். மன்னிக்கவும்.

நான் போய்ச் சேர்வதற்குள் மலர்வளையம் வைக்க ஒலிபெருக்கியில் உங்கள் பெயரை வாசித்துவிட்டார்கள். எஃபி எழுந்தாள். பக்கத்திலிருந்த பழைய கப்பற்படைக்காரர் ஒருவர் ஒன்றும் கேட்காமல் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். கட்டுப் போட்ட கைகளால் மலர்வளையத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு போய் வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். மைக் பக்கத்தில் இருந்தது.

"ரோரி மாமா, தாத்தாவுக்கு இடுப்பு சரியில்ல. அதான் நான் வந்தேன். அடுத்த வருஷம் அவரே வருவாரு"ன்னு சொன்னாள்.

மைதானம் முழுக்கக் கேட்டது. சற்று முன் என்னை முறைத்தாரே, அந்தப் பதக்கக்காரர், கைக்குட்டையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். நான் எடுக்கவில்லை, என்னிடம் இல்லை. கோட்டுக் கையில் துடைத்தேன்.

சொல்லிக்கொடுத்துப் பேசியதில்லை மாமா, சத்தியமாக. ஒழுங்காக நடக்க வேண்டிய கூட்டத்தை நாங்கள் கெடுத்துவிட்டதாக நீங்கள் நினைத்தால், திட்டு முழுவதும் எனக்கு, பிள்ளைக்கு வேண்டாம். அடுத்த முறை ஐலீனே வருவாள், நான் வீட்டில் இருந்துகொள்கிறேன்.

உங்கள் இடுப்பு சீக்கிரமே உங்கள் சொல்பேச்சைக் கேட்டு நடக்கட்டும். பக்கத்து வீட்டாருக்கும் நாய்க்கும் எங்கள் விசாரிப்புகள்.

பணிவுள்ள மாப்பிள்ளை,
வெண்டல்

பின்குறிப்பு: உறையில் போடும்போது உங்கள் போன் வந்தது. காற்றில் காலையிலிருந்து உங்கள் பக்கம் மின்சாரம் இல்லை, போனும் இல்லை, தொலைக்காட்சியில் ஒன்றும் பார்க்கவில்லை, இப்போதுதான் எல்லாம் வந்தது என்றீர்கள். எல்லாம் எப்படி நடந்தது என்று கேட்டீர்கள். நன்றாக நடந்தது என்றேன். "நாற்காலிய எடுத்துட்டாங்களா?" என்றீர்கள். இல்லை, எஃபி உட்கார்ந்தாள் என்றேன். "சரி, அது போதும்"னு சொல்லி வைத்துவிட்டீர்கள். ஆகவே மேலே எழுதியது எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. கிழித்துப் போடத்தான் போனேன். ஆனால் கிறிஸ்துமஸுக்கு வரும்போது எல்லாவற்றையும் தாத்தாவுக்கு நடித்தே காட்டப்போகிறாளாம் எஃபி. இப்போதே ஒத்திகை நடக்கிறது. அதில் நான் நண்டு மாதிரி நடந்துகொண்டே அழுகிறேன். அதற்குமுன் என் பக்கத்தையும் நீங்கள் படித்துவிடுவது நல்லது. தபாலில் சேர்த்துவிடுகிறேன்.