கோமுகி அணையில் கடலுக்கு ஒத்திகை

கப்பல் பாயை மன்னித்தவர் கள்ளக்குறிச்சியில் ஒருத்தர்கூடக் கிடையாது. அப்படி யாராவது இருந்தால் அவர் பாயோடு டூர் போகாதவராக இருக்கணும், இல்லைன்னா தெய்வப் பிறவியா இருக்கணும். நான் ரெண்டும் இல்லை. நான் அவரோட ரெண்டு தடவை கடலூர் போனவள். இன்னைக்கு நினைச்சாலும் வயிறு எரியுது.

ஆள் யாருன்னு சொல்லிடறேன். கச்சிராயபாளையம் ரோட்டில் குடையும் செருப்பும் ட்ரங்குப் பெட்டியும் விற்கிற கடை வைத்திருந்தார். அதுக்கு முன்னாடி பயணிகள் கப்பலில் பதினெட்டு வருஷம் வேலை. கப்பலில் என்ன வேலைன்னு யாருமே கேட்டதில்லை. கத்தி மாதிரி மடிப்பு வைத்த வெள்ளைச் சட்டையில் அவர் விறைப்பா நிற்கிறதைப் பார்த்து, கப்பலை ஓட்டினதே இவர்தான்னு ஊர் முடிவு பண்ணிடுச்சு. அவரும் மறுக்கலை.

வருஷத்துக்கு ரெண்டு தடவை ஊர்க்காரங்களைச் சேர்த்து, பஸ் பிடித்து, கடலூர் கடற்கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போவார். மலையும் கரும்புக் காடும் மட்டுமே பார்த்த ஜனங்களுக்குக் கடலைக் காட்டறாரே, எவ்வளவு நல்ல மனுஷன்னு நினைப்பீங்க. பொறுங்க.

பாய்க்கு அது பஸ்ஸே கிடையாது, கப்பல். டீ குடிக்க நின்றால் அது துறைமுகம். "உளுந்தூர்பேட்டை தொறைமுகம்! பதினஞ்சே நிமிசம்! டீ குடிக்கறவங்க குடிங்க, ஒதுங்கறவங்க ஒதுங்குங்க, ரெண்டும் வேணும்னா ஓடுங்க!" என்று விசிலை ஊதுவார். ஒவ்வொருத்தருக்கும் நம்பர் போட்ட அட்டை ஒண்ணு. இறங்கும்போது கையில் கொடுப்பார், ஏறும்போது டப்பாவில் போடணும். அட்டை குறைந்தால் ஆள் வரலைன்னு அர்த்தம். ஆள் வரலைன்னாலும் பஸ் கிளம்பும். கேட்டால் ஒரே பதில்: "கப்பல் யாருக்காகவும் நிக்காதுங்க."

சும்மா சொல்றதில்லை, செய்வார். பண்ருட்டியில் பத்து நிமிஷம் நின்றபோது எங்க தெரு மளிகைக்கடை மாமா பலாப்பழம் வாங்கப் போனார். திரும்பி வரும்போது பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. அந்தப் பெரிய உடம்பு, நெஞ்சோடு அணைத்த பலாப்பழத்தோடு ரோட்டில் ஓடி வர்றதைப் பின் கண்ணாடி வழியா நாங்க எல்லாரும் பார்த்தோம்.

"பாய், மாமா ஓடியாறாருங்க!"

"பாத்துகினுதான் இருக்கேன். நாலு நிமிசம் லேட்டு. டிரைவர், போங்க."

மாமா ஒரு செங்கல் லாரியில் ஏறி ஊர் வந்து சேர்ந்தார். ஒரு மாசம் பாய் கடைப்பக்கம் எச்சில்கூடத் துப்பலை. அடுத்த டூருக்கு முதல் ஆளா பேர் கொடுத்தவரும் அவரேதான். ஊர்க்காரங்களுக்கு ரோஷம் கிடையாதுன்னு சொல்ல இதைவிட வேற என்ன வேணும்?

இதெல்லாம் பரவாயில்லை. என் அம்மாவுக்குச் செய்ததைச் சொல்றேன், கேளுங்க.

அம்மாவுக்குக் கடல் பார்க்கணும். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஆசை. அப்பா அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னே சொல்லி ஒரு வருஷம் போய்ச் சேர்ந்துட்டார். அதுக்குள்ளே அம்மாவுக்கு மூட்டுவலி. இன்னும் ஒரு வருஷம் போனா தரையில் நடக்கிறதே கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார். நான் அப்போ தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட். லீவு போட்டு அம்மாவை பாயோட டூருக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன்.

கடற்கரையில் தொண்ணூறு நிமிஷம்னு அறிவிச்சார். அதில் இருபது நிமிஷம் அவரோட பேச்சு. பேச்சில் முக்கியமான சட்டம் ஒண்ணு: பாதி நேரத்தில் விசில் ஊதுவார். அப்போ எங்கே இருந்தாலும், என்ன செய்துக்கிட்டிருந்தாலும் பஸ்ஸைப் பார்த்துத் திரும்பி நடக்க ஆரம்பிக்கணும். போறதுக்குப் பாதி, வர்றதுக்குப் பாதியாம். பேச்சு முடிந்ததும் மத்தவங்க ஓடிப் போய் நனைந்தாங்க. அம்மா மணலில் ஒரு கால் வைத்து ஒரு கால் எடுத்து, ரெண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து நடந்தாங்க. தண்ணிக்கு இன்னும் பதினஞ்சு அடிதான் இருக்கு. அடிச்சார் பாருங்க விசிலை!

"பாய்! பதினஞ்சு அடிதாங்க! இது அநியாயம்!"

"கப்பல்ல பதினஞ்சு அடி ஜாஸ்தி தங்கச்சி. அவ்ளோ எட்ட இருந்தா கடல்லதான் வுழணும். திரும்புங்க."

அவர் சொன்னதுகூட எனக்குக் கோபம் இல்லை. என் அம்மா திரும்பிட்டாங்க! பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, "சட்டம்னா சட்டம்தானேடி" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டுத் திரும்பிட்டாங்க. பஸ்ஸில் வந்து உட்கார்ந்தால் இன்னும் இருபது நிமிஷம் மிச்சம். அந்த வெயிலில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, நாற்பது பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அதுக்குப் பேர் கையிருப்பு நேரமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த விசிலைப் பிடுங்கி விழுங்கியிருப்பேன்.

மறுநாள் கடைக்கே போய்ச் சண்டை போட்டேன். "நீங்கல்லாம் மனுசங்களா? முப்பத்தஞ்சு வருச ஆசைங்க அது. பதினஞ்சு அடியில தட்டி வுட்டுட்டீங்களே!"

பாய் ஒரு நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். அப்புறம் நிமிர்ந்து, "அம்மா மணல்ல பத்தடி நடக்க எவ்ளோ நேரம் ஆவுது?" என்றார்.

"எனக்கு இன்னா தெரியும்?"

"ஞாயித்துக்கெழம காலையில கோமுகி டேமுக்குக் கூட்டியாங்க. பாத்துரலாம்."

திமிரைப் பாருங்க! போகவே கூடாதுன்னு நான் ஒத்தைக்காலில் நின்றேன். அம்மா புடவை மாற்றிக்கிட்டு வாசலில் நிற்கிறாங்க. அஞ்சு ஞாயித்துக்கிழமை, கல்வராயன் மலை அடிவாரத்தில், அணைக்கரை மணலில், மூட்டுவலிக்காரியான என் அம்மாவை அந்த மனுஷன் நடக்க விட்டார். கையில் கடிகாரம். "அம்மா, அந்தப் பனை வரைக்கும். நின்னா நில்லுங்க, உக்காந்தா உக்காருங்க, நான் கணக்குப் போட்டுகினு இருக்கேன்." மலையிலிருந்து கடுக்காய் மூட்டையோடு இறங்கி வந்தவங்க எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தாங்க. இது என்ன வேண்டுதல்னு ஒரு அம்மா கேட்டாங்க. எனக்கு மானமே போச்சு. அம்மாவோ வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு ரெண்டு நிமிசம் கம்மிடி" என்று பெருமை அடிச்சுக்கிட்டாங்க.

அடுத்த டூருக்கு நாள் குறித்தபோதுதான் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் அறிவிப்பு வந்தது. திங்கட்கிழமையிலிருந்து ஒரு வாரத்துக்கு ரோடெல்லாம் அடைப்பு. டூரைத் தள்ளிப் போடச் சொல்லி ஊரே சொன்னது. பாய் கேட்டால்தானே? "மறியல் திங்கக்கெழம. நாம ஞாயித்துக்கெழம ஒன்றரைக்கு வூட்டுல இருப்போம்" என்றார்.

விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, எட்டு மணிக்குக் கடலூர். இந்தத் தடவை பேச்சை பஸ் ஓடும்போதே முடிச்சுட்டார். வண்டியை மணலை ஒட்டி நிறுத்தினார். அம்மா அட்டையை வாங்கிக்கிட்டு, போன தடவை மாதிரி அவசரப்படாமல், அணையில் பழகினபடி பத்தடிக்கு ஒரு தடவை உட்கார்ந்து எழுந்து நடந்தாங்க. நானும் கூடவே. நாற்பதாவது நிமிஷம் அம்மாவோட கால் தண்ணியில் பட்டது. கணக்குப் போட்டவர் போட்டபடியே! பாதி நேரத்துக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் பாக்கி.

ஒரு அலை வந்து புடவையை நனைத்தது. அம்மா அப்படியே தண்ணியிலேயே உட்கார்ந்துட்டாங்க.

விசில் அடித்தது. எல்லாரும் திரும்பினாங்க. அம்மா எழுந்திரிக்கலை. அந்த நேரம் பார்த்து டீக்கடையிலிருந்து ஒருத்தர் ஓடி வந்து, பண்ருட்டிப் பக்கம் இப்பவே மரத்தை வெட்டிப் போட ஆரம்பிச்சுட்டாங்க, மத்தியானத்துக்குள்ள உளுந்தூர்பேட்டையைத் தாண்டலைன்னா அவ்வளவுதான் என்றார். பஸ்ஸில் கைக்குழந்தைக்காரி இருக்கா, சர்க்கரை வியாதிக்காரர் இருக்கார்.

"யம்மா, எழுந்திரும்மா! பஸ் போயிரும்!"

"போவட்டும். நான் அப்புறமா வரேன்." ஏதோ டவுன் பஸ்ஸை விடுகிற மாதிரி சொல்றாங்க!

பதினஞ்சு அடிக்காகச் சண்டை போட்டவள் நான். அதே நான் இப்போ அம்மா கையைப் பிடிச்சு வெளியே இழுக்கிறேன். இழுத்தாலும் வரலை. பாயிடம் ஓடினேன். "பாய், ஒரு பத்து நிமிசம். உங்க கால்ல வுழறேன்."

பாய் பஸ்ஸைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மளிகைக்கடை மாமா கையில் கொடுத்தார். "ஒம்போதரைக்கு எடுத்துருங்க. பண்ருட்டிப் பக்கமே போவக் கூடாது. நெய்வேலிப் பக்கமா சுத்திகினு போங்க. உளுந்தூர்பேட்டை தாண்டிட்டுத்தான் டீ."

"நீங்க?" என்றார் மாமா.

"கப்பல் நிக்காதுங்க. நான் நிக்கறேன்."

சொன்னபடி ஒன்பதரைக்கு பஸ் கிளம்பிப் போயிடுச்சு. மத்தியானத்துக்கு முன்னாடி உளுந்தூர்பேட்டையைத் தாண்டி, ஊருக்குப் போய்ச் சேர்ந்தும் விட்டது. அதுக்குப் பின்னாடி எல்லா ரோடும் அடைபட்டது. நாங்க மூணு பேரும் கடலூரில், கட்டின துணியோட.

பாயோட ஒன்றுவிட்ட தங்கச்சி வீடு கடற்கரைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அந்த மகராசி மாற்றுப் புடவை கொடுத்து, மீன் குழம்பு வைத்து, எங்களைத் தாங்கினாங்க. பாய்தான் தாங்க முடியாதவரா ஆயிட்டார். கிளம்புகிற நேரம்னு ஒண்ணு இல்லாமல் அவருக்குச் சோறே இறங்கலை. வாசலுக்கும் ரோட்டுக்கும் நடையா நடந்தார். "மரத்த எடுத்துட்டாங்களா?" என்று போற வர்றவங்களை எல்லாம் கேட்டு உயிரை எடுத்தார். அம்மாதான் அடக்கினாங்க. "அவுங்க எத்தினி வருசமா கேட்டுகினு இருக்காங்க. நாலு நாளு நிக்க மாட்டீங்களா பாய்? குந்துங்க."

அம்மாவுக்கோ காலையில் ஒரு தடவை கடல், சாயங்காலம் ஒரு தடவை கடல். நான் கையைப் பிடிச்சுக்கணும், பாய் பத்தடி தள்ளி மணலில் நின்று எங்க செருப்பைக் காவல் காக்கணும். மூணாவது நாள் சாயங்காலம் அம்மா திரும்பிப் பார்த்துக் கேட்டாங்க.

"இன்னா பாய், கரையிலேயே நிக்கறீங்க? எறங்குங்க."

"வேணாங்கம்மா."

"பதினெட்டு வருசம் கடல்லயே கெடந்தவரு, தண்ணிக்கு பயமா?"

"பயம் இல்லீங்க. எறங்குனதில்ல."

எனக்குக் காது அடைச்சுப் போச்சு. "இன்னா சொல்றீங்க? எறங்குனதே இல்லையா?"

அப்போதான் சொன்னார். கப்பலில் அவருக்குத் துணி வெளுக்கிற வேலை. நானூறு படுக்கை. கப்பல் கரைக்கு வந்ததும் பயணிகள் எல்லாம் கடற்கரைக்குக் கிளம்பிடுவாங்க. அப்போதான் படுக்கை விரிப்பை உருவ முடியும். அவங்க நனைந்துவிட்டுத் திரும்புகிறதுக்குள்ளே வெளுத்து, இஸ்திரி போட்டு, விரிச்சாகணும். எந்த ஊரில் எத்தனை மணி நேரம், கடற்கரைக்கு எவ்வளவு தூரம், எப்போ திரும்பி நடக்கணும்னு பயணிகளுக்கு ஒட்டுகிற நோட்டீஸ் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு கடற்கரையிலும் கால் வைத்ததில்லை. "கப்பல் நின்னாத்தாங்க எங்களுக்கு வேலையே" என்றார்.

எனக்கு எப்படி இருக்கும்? கடலில் காலே வைக்காத மனுஷன், பதினெட்டு வருஷ அனுபவஸ்தர் மாதிரி விசில் அடிச்சு எங்களை எல்லாம் ஆட்டி வைத்திருக்கார்! ஊர்ப்பட்ட ஜனத்தைக் கடலுக்குக் கூட்டிக்கிட்டு வந்து, அத்தனை தடவையும் பஸ் பக்கத்திலேயே அட்டையை எண்ணிக்கிட்டு நின்றிருக்கார்! "ஏன் பாய், ஒரு தடவ எறங்குனா இன்னா கொறஞ்சா போயிருவீங்க?" என்று கத்தினேன்.

அம்மா கத்தலை. என் கையை விட்டுட்டு, அவர் பக்கம் கையை நீட்டினாங்க. "வாங்க பாய். என்னப் புடிச்சிக்கோங்க. நான் மூணு நாளா பழகிட்டேன்."

கைலியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கிட்டு, தரையைப் பார்த்துக்கிட்டே வந்தார். அலை வந்து காலைச் சுற்றினதும், "அடியில மண்ணு ஓடுதுங்கம்மா!" என்று கூச்சல் போட்டார். "ஓடும் ஓடும், கெட்டியா நில்லுங்க" என்று அம்மா அவருக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. ரெண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பு எனக்குக் கரை வரைக்கும் கேட்டது.

செருப்பைக் காவல் காத்துக்கிட்டு நான் மணலில் நின்றேன். டீக்கடைக்காரர் வந்து, மறியல் முன்னாடியே முடிஞ்சு மரத்தை எல்லாம் எடுத்துட்டாங்களாம், இன்னைக்கு ராத்திரி ஏழு மணிக்கு முதல் பஸ் போகுதாம் என்றார். சரிங்கன்னு தலையை ஆட்டினேன். அதை அவங்க ரெண்டு பேரிடமும் மறுநாள் காலையில்தான் சொன்னேன்.