மரியாதைக்கு இரண்டு அங்குலம்

சைக்கிளைக் கண்டுபிடித்தது யாராகவும் இருக்கட்டும். அதற்குள் மரியாதையைப் புகுத்திய பெருமை சிங்காநல்லூர் கிருபாசங்கரையே சேரும்.

குரங்குப் பெடலில் ஆரம்பித்த மனிதர், நாற்பது வயது தாண்டியும் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. பெண் பார்க்கக் கருமத்தம்பட்டிக்குச் சைக்கிளிலேயே போனவர். "பின்னாடி கார் வருதுங்களா?" என்று பெண் வீட்டார் வாசலிலேயே காத்து நின்றார்கள். பெண் லோகப்பிரியா மட்டும் சைக்கிளைப் பார்த்தாள். சரி என்றாள்.

பிறகு பம்ப் கம்பெனி வேலையை உதறிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, சைக்கிள் ஃபிரேம் கட்ட உட்கார்ந்தார். சட்டை தைப்பது போல ஆளை அளந்து, குழாய் அறுத்து, பற்றவைத்துத் தருகிற தொழில். ஆசை ஒன்றே ஒன்றுதான்: தன் கையால் கட்டிய சைக்கிள் அவிநாசி ரோட்டில் ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

முதல் ஆர்டர் கொடுத்தவர் 'கொங்குச் சக்கர சங்க'த் தலைவர் குமாரசாமி. சைக்கிளைக் காரின் தலையில் ஏற்றிப்போய், ஊருக்கு வெளியே இறக்கி, போட்டோ எடுத்து, மறுபடி ஏற்றிக்கொண்டு திரும்பி, 'சுற்றுச்சூழலை'க் காத்துவரும் சங்கம் அது.

தலைவர் வெள்ளை வேட்டியில் வந்து நின்றார். ஃபிரேமுக்கு முக்கியமான அளவு, காலிடுக்கிலிருந்து தரைவரை. கிருபாசங்கர் டேப்பை எடுத்தார். வேட்டியைப் பார்த்தார். டேப்பைச் சுருட்டிவிட்டார்.

"ஏனுங்க தலைவரே, கால் உசரம் எவ்வளவுங்க இருக்கும்?"

"பாத்தாத் தெரியாதுங்களா? நீங்களே போட்டுக்குங்க."

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் அத்தனை பெரிய மனிதருக்கு அத்தனை சின்ன அளவா? மரியாதைக்கு இரண்டு அங்குலம் கூட்டிப் போட்டார்.

"இது அவருக்கு உசரமாச்சுங்களே?" என்றாள் லோகப்பிரியா.

"பெரிய மனுசரைக் குட்டைன்னு சொல்லச் சொல்றயா அம்மணி?"

தொடக்க விழாவில் தேங்காய் உடைத்தார்கள். தலைவரை இரண்டு பேர் தூக்கி சீட்டில் உட்காரவைத்துத் தள்ளிவிட்டார்கள். சைக்கிள் ஜோராகப் போனது. நிறுத்துவதில்தான் சிறிய 'நிர்வாகச் சிக்கல்'. சீட்டை அடிவரை இறக்கியும் தலைவரின் கால் தரைக்கு எட்டவில்லை. மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"தலைவருக்கு எறங்கவே மனசில்லீங்க!" என்று கைதட்டினார்கள்.

"புடிங்கப்பா!" என்று தலைவர் அலறினார். அதற்கும் கைதட்டல்.

ஒருவழியாக நாலு பேர் ஓடிப்போய் மடக்கி இறக்கினார்கள். "எப்படீங்க இருக்குது?" என்று கேட்டார் கிருபாசங்கர். கால் எட்டவில்லை என்று சொல்ல தலைவருக்கென்ன பைத்தியமா?

"நல்ல... கம்பீரமுங்க," என்றார், வியர்வையைத் துடைத்தபடி.

சைக்கிள் நேராக அவர் பங்களா ஹாலுக்குப் போய்ச் சுவரில் ஏறியது. கீழே விளக்கு வேறு. இரண்டு அங்குல மரியாதை எப்படியோ வெளியே கசிந்து, சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. தலைவருக்கு இரண்டு அங்குலம் என்றால் செயலாளருக்கு ஒன்றரை, மற்ற உறுப்பினர்களுக்கு ஒன்று என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. ஆர்டர்கள் குவிந்தன. கோவையின் முக்கியமான சுவர்களிலெல்லாம் கிருபாசங்கரின் ஃபிரேம். பேரும் புகழும் வந்தன. ஆனாலும் மாலையானால் அவிநாசி ரோட்டோரம் போய் நிற்பார். வருவதெல்லாம் யாரோ கட்டிய சைக்கிள். இருட்டும்வரை பார்த்துவிட்டுத் திரும்புவார்.

"எனக்கொண்ணு கட்டிக் குடுங்க, அம்மா ஊட்டுக்குப் போய்ட்டு வாரேன்," என்றாள் லோகப்பிரியா ஒருநாள்.

"இப்படி நில்லு," என்று டேப்பை வைத்தார். அளந்ததை அப்படியே கட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவிநாசி ரோட்டில், லாரிகளுக்கு நடுவே, அவர் கட்டிய சைக்கிள் ஒன்று ஓடியது. பார்த்துக்கொண்டே நின்றவர் குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டார்.

திரும்பி வந்தவள், இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றாள். "எனக்கு மட்டும் எப்படீங்க இத்தனை சரியா வந்துச்சு?"

"உனக்கென்னத்துக்கு அம்மணி மரியாதை?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அளவு தெரிஞ்சே தப்பாக் கட்டறதுக்குப் பேரு மரியாதை இல்லீங்க, பயம்," என்றாள் லோகப்பிரியா. "என்னையக் கண்டாத்தான் உங்களுக்குப் பயமே இல்லையே. அதனால என்ர சைக்கிளு மட்டும் ஓடுது."