டப்பாவில் மிஞ்சிய கல்

எண்ணத் தெரிந்தவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வதில் எங்கள் 'கூழாங்கல்'லை மிஞ்ச உலகத்திலேயே ஆள் கிடையாது.

திருவண்ணாமலையில் நான் கணக்கு வாத்தியாராக இருந்த தனியார் பள்ளிக்கு, கீழ்பென்னாத்தூரிலிருந்து எங்களை ஏற்றிவரும் வேனின் டிரைவர் அவர். காலையில் ஏறும்போது ஆளுக்கொரு கூழாங்கல்லைப் பால்பவுடர் டப்பாவில் போட வேண்டும். சாயங்காலம் ஏறும்போது ஆளுக்கொன்று எடுத்து, இறங்கும்போது அவர் கையில் கொடுக்க வேண்டும். டப்பா காலியானால்தான் வண்டி நகரும்.

"தலைய எண்ணினாப் போதாதாய்யா?" என்று கத்துவேன்.

"எங்க ஊட்ல ஆட்ட இப்படித்தான் பட்டில அடைப்பாங்க சார். ஒண்ணுகூட தொலைஞ்சதில்ல."

"அப்ப நாங்க ஆடா?"

"ஆடு இவ்ளோ பேசாது சார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எண்கள் பிறக்குமுன் மனிதன் ஆட்டுக்கொரு கல் வைத்துத்தான் கணக்குப் பார்த்தான் என்று ஆறாம் வகுப்பில் உருகி உருகிப் பாடம் நடத்துபவனும் நான்தான். ஆனால் அந்த ஆதிமனிதனே வந்து ஸ்டியரிங் பிடித்தால் எப்படிப் பொறுப்பது?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கொட்டும் மழை. எல்லாரும் ஏறியாயிற்று, டப்பாவில் ஒரு கல் மிச்சம். மனிதர் சாவியைத் தொடவில்லை. வேனே கொந்தளித்தது. நான் எழுந்து இரண்டு தடவை தலைகளை எண்ணினேன்.

"இருபத்திரண்டு! சரியா இருக்கு. வண்டிய எடுய்யா!"

"அப்ப இந்தக் கல்லு யாருது?"

"உன் மண்டையில போட்டுக்க!"

அவர் எழுந்து ஒவ்வொருவர் கையாக விரிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி சீட்டில் ஒரு கை காலி. மழைக்குப் பயந்து பின்கதவு வழியாக ஏறிக்கொண்ட டிராயிங் மாஸ்டரின் மச்சான்!

"வெளியாளு ஒண்ணு ஜாஸ்தி. அப்ப நம்மாளு ஒண்ணு கம்மி!" என்று கத்திக்கொண்டே மழையில் ஓடினார். பின்னாலேயே நானும் ஓடினேன்.

கூட்டிப் பெருக்கும் அஞ்சலை அக்கா லேபுக்குள் இருந்தார். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் யாரோ பூட்டிவிட்டார்கள். அவர் கதவைத் தட்டியது மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நாங்கள் கிளம்பியிருந்தால் இனி திங்கட்கிழமைதான் திறந்திருப்பார்கள். பூட்டைத் திறந்ததும் வெளியே வந்தவர் தேம்பித் தேம்பி அழுதார்.

"உன் கல்லு அங்க கெடக்குது, நீ இங்க இன்னா பண்ற?" என்று கூழாங்கல் அவர்மேல் சீறினார். சீறிக்கொண்டே தன் துண்டை எடுத்து அக்காவின் தலையில் போட்டார்.

எனக்கு என்மேலேயே அப்படியொரு கோபம். இருபத்திரண்டு என்று எண்ணியவன், அது யார் யார் என்று பார்க்கவில்லையே.

வேலூருக்கு வேலை மாறிய கடைசி நாளில், கல்லைக் கையில் இறுக்கிக்கொண்டே வேனை விட்டு இறங்கினேன். ஒற்றைக் கல்லுக்கு ஒரு வேனையே நிறுத்திவைப்பவர், அன்று கை நீட்டவே இல்லை.