கரடியும் எழுநூறு குதிரைகளும்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. அந்தக் கரடி நான் இல்லை. என் சொந்தக்காரர்கள் நாலு பேர் இதைப் படித்துவிட்டு போனில் கூப்பிட்டுச் சிரிப்பார்கள் என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன். எனக்கு உடம்பில் அவ்வளவு முடியும் கிடையாது.

கரடியின் பெயர் மாசிலாமணி. தேன் வியாபாரம். நாலு காசு சேர்ந்ததும் மற்ற கரடிகள் தோப்பு வாங்கின. இது கார் வாங்கியது. இரண்டே சீட், ஒரு பை வைக்க மட்டும் இடம், மீதியெல்லாம் இன்ஜின். அந்த இன்ஜினுக்கு ஒரு சூப்பர்சார்ஜர். சூப்பர்சார்ஜர் என்றால் இன்ஜினுக்குள் காற்றை ஊதித் திணிக்கிற சாமான். காற்று கூடினால் பெட்ரோல் அதிகம் எரியும், பெட்ரோல் அதிகம் எரிந்தால் சக்தி கூடும். கரடிக்குத் தெரிந்த அறிவியல் இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, வழியில் போகிற மான், மாடு எல்லாவற்றையும் நிறுத்தி வைத்து விளக்கிக்கொண்டிருந்தது. மான்கள் வேறு பாதையில் தண்ணீர் குடிக்கப் போக ஆரம்பித்தன.

காட்டில் ஒரே ஒரு மண்சாலை. அது கரடியின் குகை வாசல் வழியாகப் போகும். அதில் ஒரு முயல் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் கரடி காரைக் கழுவித் துடைத்து நிமிர்ந்தபோது, ஆட்டோ போன வேகத்தில் புழுதி முழுக்கக் கார்மேல் வந்து உட்கார்ந்தது. தன்னை மட்டம் தட்டத்தான் முயல் இந்தப் பக்கமே வருகிறாள் என்று கரடி முடிவுகட்டியது. அன்று சாயங்காலமே மண்ணையும் கல்லையும் குழைத்து, வாசலைச் சுற்றி வளைத்து ஒரு வேகத்தடை போட்டது. கை கொஞ்சம் தாராளம். காரைச் சாய்வாக ஏற்றினால் மட்டும் தட்டாமல் இறங்கும், அவ்வளவு உயரம்.

மறுநாள் முயல் அதில் மெதுவாக ஏறி இறங்கி, "நல்ல காரியம் பண்ணீங்ண்ணா, குட்டிக ஓடியாடற எடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இது குத்தல் பேச்சு என்று கரடி எடுத்துக்கொண்டது.

இதற்கிடையில் கரடியின் மனைவி செண்பகவல்லியின் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. பாதி வழியில் சூப்பர்சார்ஜரின் பெல்ட் அறுந்து கார் நின்றுவிட்டது. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து, பந்தியில் ரசம் ஓடிக்கொண்டிருந்தது. செண்பகவல்லிக்கு அம்மா இல்லை. தங்கையை வளர்த்தவளே அவள்தான். அன்று அவள் இலையில் உட்கார்ந்து அழுததைக் கரடி பார்த்தது. ஆனாலும் இரண்டாம் தடவை பாயசம் வாங்கியது.

இப்போது அதே தங்கைக்கு வளைகாப்பு. முதல் வளையலை அக்காதான் போட வேண்டும், அதுவும் ராகுகாலத்துக்கு முன்னால்.

"இந்தத் தடவையும் நேரத்துக்குப் போகலீன்னா வண்டிய வித்துப்போடோணும்" என்றாள் செண்பகவல்லி.

"சரி வித்தர்றேன்" என்றது கரடி. அந்த நிமிஷம் அது மனதார நினைத்துத்தான் சொன்னது.

கல்யாணத்தன்று அறுந்த பெல்ட்டை இப்போதுதான் மாற்ற, காரை மரங்கொத்தியின் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனது கரடி. மரங்கொத்தி கார்களுக்குச் சக்தி ஏற்றுவதில் பேர்போனது. லேப்டாப்பை மூக்கால் கொத்திக்கொண்டே பேசும்.

"பெல்ட்டைக் கழட்டறப்பவே புல்லியையும் சின்னதாப் போட்டுறலாமுங்ண்ணா" என்றது. புல்லி என்பது பெல்ட் ஓடுகிற சக்கரம். அது சின்னதாக ஆக, சூப்பர்சார்ஜர் இன்னும் வேகமாகச் சுற்றும்.

"பெல்ட் மட்டும் மாத்துனாப் போதுமே" என்றது கரடி, ஒரு சம்பிரதாயத்துக்கு.

"உங்க இஷ்டமுங்ண்ணா. கெடக்கட்டும்னா கெடக்கட்டும்."

இப்படிச் சொன்னால் எந்தக் கரடி சும்மா இருக்கும்? புல்லி சின்னதானது. காற்று கூடியதால் பெட்ரோல் போதவில்லை, பெரிய பம்பு வந்தது. பெட்ரோல் கூடியதால் சூடு தாங்கவில்லை, பெரிய கூலர் வந்தது. கூலர் கனத்ததால் முன்பக்கம் தாழ்ந்தது. முன்பக்கம் தாழ்ந்தது பார்க்க நன்றாக இருந்ததால் பின்பக்கத்தையும் தாழ்த்தினார்கள். "நாலு விரக்கட எறக்கியிருக்கறமுங்ண்ணா, அடியில காத்துப் பூராது" என்றது மரங்கொத்தி. காற்றைத் திணிக்கவும் காசு, தடுக்கவும் காசு என்று கரடிக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றி... விடுங்கள், கதைக்கு வருவோம்.

கடைசியில் காரை உருளைகள்மேல் ஏற்றிக் கட்டி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டுச் சக்தியை அளந்தார்கள். கார் உயிர்போகிற மாதிரி கத்தியது. சக்கரம் சுழன்றது, கார் எங்கேயும் போகவில்லை. திரையில் எழுநூறு குதிரை என்று வந்தது. கரடியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன் கல்யாணத்தில்கூட அது அழவில்லை.

வேடிக்கை பார்த்த யானை மட்டும், "எழுநூறு குதிரைன்னா எத்தன யானை?" என்று கேட்டது. மரங்கொத்தி பில் போட ஆரம்பித்தது.

புது டயரில் மண் ஒட்டக் கூடாது என்று மரங்கொத்தி சொல்லிவிட்டதால், யானைதான் காரைத் தூக்கிக்கொண்டு வந்து குகைக்குள் இறக்கிவிட்டது.

வளைகாப்பு நாள் காலையில் செண்பகவல்லி பட்டுச்சேலை கட்டி, வளையல் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். மனசுக்குள் ராகுகாலத்தைக் கணக்குப் போட்டபடி இருந்தாள். கரடி சாவியைத் திருகியது. மரத்திலிருந்த கிளிகள் எல்லாம் பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டன. குகையை விட்டுக் கம்பீரமாக வெளியே வந்த கார், வாசல் வேகத்தடையில் முன்சக்கரம் ஏறி இறங்கியதும் நங்கென்று வயிற்றில் உட்கார்ந்தது.

பின்சக்கரங்கள் மண்ணைத் தொட்டும் தொடாமலும் சுற்றின.

"என்னங்க ஆச்சு?"

"பவர் பத்தலன்னு நெனைக்கறேன்" என்றது கரடி. ஓங்கி மிதித்தது. எழுநூறு குதிரையும் சேர்ந்து வாசல் மண்ணை வாரிக் கூரைவரை இறைத்தன. திறந்திருந்த ஜன்னல் வழியே புழுதி வந்து பட்டுச்சேலையின் நிறம் மாறியது. கார் இன்னும் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் முயலின் ஆட்டோ வந்தது. வேகத்தடைக்கு முன்னால் முறையாக வேகம் குறைத்து நின்றது. உள்ளே கீரி, உடும்பு, முள்ளம்பன்றி, அதனிடமிருந்து தள்ளி உட்கார முயன்றுகொண்டிருந்த மற்றவர்கள்.

"எங்கீங்க்கா, இம்புட்டு வெள்ளனே?"

"தங்கச்சி வளைகாப்பு, முயலு."

"ஏறுங்க. முள்ளு, அந்தப் பக்கம் ஒதுங்கு. அக்கா பட்டுச்சேல கட்டியிருக்காங்க."

செண்பகவல்லி இறங்கினாள். கூடையிலிருந்த புழுதியை ஊதினாள். கரடியை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று கரடிக்கு இருந்தது.

முயல் காரைச் சுற்றிப் பார்த்தாள். "அம்சமா இருக்குதுங்ண்ணா. எத்தன பேரு போலாம்?"

"ரெண்டு பேரு."

முயல் சிரிப்பாள் என்று கரடி காத்திருந்தது. அவள் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"என்னய முந்திட்டேன்னு உனக்குச் சந்தோசந்தானே?" என்று கேட்டேவிட்டது.

முயலுக்கு நிஜமாகவே புரியவில்லை. "நா எங்கீங்ண்ணா முந்துனேன்? நீங்கதான் நின்னுட்டிருக்கறீங்களே" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

செண்பகவல்லி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். முதல் வளையலை அவளே போட்டாள். மத்தியானம் அதே ஆட்டோவில், ஒரு டப்பாவில் புளிச்சாதமும் எலுமிச்சைச் சாதமும் வாங்கிக்கொண்டு திரும்பினாள். கரடி காரின் பானட்மேல் உட்கார்ந்திருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து கொடுத்தாள். இவ்வளவு நல்லவளுக்கு நாம் ஏன் வாய்த்தோம் என்று கரடிக்கு வெட்கமாக இருந்தது.

"வித்தர்லாங்க" என்றாள் மெதுவாக.

"வித்தர்லாம்" என்றது கரடி, சாதத்தை மென்றுகொண்டே. உடனே மரங்கொத்திக்குப் போன் போட்டு விற்கச் சொன்னது.

"விக்கலாமுங்ண்ணா" என்றது மரங்கொத்தி. "ஆனா வாசலையே தாண்டாத வண்டிய யாரு வாங்குவா? மறுபடி நாலு விரக்கட தூக்கோணும். தூக்குனா அடியில காத்துப் பூந்து பவர் கொறையும். கொறைஞ்சத ஈடுகட்ட புல்லிய இன்னுங் கொஞ்சம் சின்னதாக்கிப் போடலாமுங்ளா?"

"அந்த மேட்டை மம்முட்டியில ரெண்டு போடு போட்டா ஆச்சே" என்றாள் செண்பகவல்லி.

"குட்டிக ஓடியாடற எடம்" என்றது கரடி. அவர்களுக்குக் குட்டிகள் கிடையாது.

செண்பகவல்லி டப்பாவை மூடினாள். முயலின் நம்பரைத் தன் போனில் பதிந்துகொண்டாள்.

சனிக்கிழமை யானை வந்து காரைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறது. விடிவதற்குள் எழுந்து நான் தயாராக இருக்க வேண்டும். அதாவது, கரடி தயாராக இருக்க வேண்டும்.

நீதி: சொந்த வாசலைத் தாண்ட முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம், இதைவிடச் சின்ன புல்லியும் கடையில் கிடைக்கிறது.