கல்சானின் வண்டிக்கு வந்த நோய்

“இந்தத் தகர டப்பாவை என் தலையில கட்டினானே ஒரு புண்ணியவான், அவன் போற வழியெல்லாம் நாலு சக்கரமும் பஞ்சராகட்டும்! அவன் காய்ச்சுற உப்பு டீயில உப்பே பிடிக்காமப் போகட்டும்!”

வெள்ளிக்கிழமை காலை. மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரின் அந்த ஐந்து மாடிக் குடியிருப்பில் அத்தனை ஜன்னலுக்கும் கேட்கும்படி முற்றத்தில் நின்று கத்தினான் கல்சான். எதிரே அவனுடைய எஸ்யூவி, பானட்டைத் திறந்துகொண்டு நின்றது.

கத்தலில் ஒரு குறையும் இல்லை. வண்டியிலும் ஒரு குறையும் இல்லை. சாவியைத் திருப்பினால் மோட்டாருக்கு மின்சாரம் விடுகிற ரிலே என்ற சின்னக் கறுப்புத் துண்டை, நேற்று அவனே கழற்றிவிட்டான். கந்தலில் சுற்றி, அலமாரி மேல்தட்டில் இருந்த குளிர்காலக் கம்பளிப் பூட்ஸுக்குள் திணித்தும் வைத்துவிட்டான். ஜூன் மாதத்தில் கம்பளிப் பூட்ஸை எவன் தொடப்போகிறான்?

எல்லாம் மீனால் வந்தது. நாளை சனிக்கிழமை, கம்பளிச் சந்தைக் கூட்டாளிகளோடு வடக்கே ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போவதாக ஏற்பாடு. அதே சனிக்கிழமை, மேற்கே நானூறு கிலோமீட்டர் தள்ளி, அவன் மனைவி நோர்ஜ்மாவின் தம்பி மகனுக்கு முதல் முடியிறக்கு. புலி வருஷத்தில் பிறந்தவர்தான் முதல் கற்றையை வெட்ட வேண்டும் என்று லாமா சொல்லிவிட்டார். சொந்தத்தில் புலி வருஷத்துக்காரி நோர்ஜ்மா ஒருத்திதான். அவள் வராவிட்டால் அந்தக் கத்தரிக்கோல் யாரோ ஊரார் கைக்குப் போய்விடும். கத்தரிக்கோலில் நீலப்பட்டு கட்டி, அவிழ்த்து, மறுபடியும் கட்டி வைத்திருந்தாள்.

“ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லேன்” என்று கல்சான் கேட்டும் பார்த்தான்.

“நல்ல நாள் காத்திருக்காதுய்யா. உன் மீனைக் காத்திருக்கச் சொல்லு.”

“மீன் எப்படிடீ காத்திருக்கும்? அதுக்கு வால் இருக்கு!”

சந்தையில் ஒரு மூட்டை ஆட்டு ரோமத்துக்கு அரை நாள் பேரம் பேசுகிறவன் அவன். ஆனால் நோர்ஜ்மாவின் முகத்தைப் பார்த்து ‘வரமாட்டேன்’ என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. அதனால் வண்டியைச் சொல்ல வைத்தான். இவள் வெள்ளிக்கிழமை பஸ் ஏறட்டும், வண்டி சனிக்கிழமை குணமாகட்டும். இதுதான் திட்டம்.

வண்டி வந்து மூன்று வாரம் ஆகிறது. ஜப்பானில் ஓடிக் களைத்தது, ஸ்டியரிங்கும் அந்த ஊர் வழக்கப்படி வலப்பக்கம். வந்த அன்று நோர்ஜ்மா நாலு சக்கரத்துக்கும் பால் தெளித்தாள். மறுநாளே ரேடியேட்டர் ஒழுகியது. அடுத்த வாரம் பிரேக். அதற்கடுத்த வாரம் பெல்ட். “ஒர்க்ஷாப்பா? என்னை மொட்டையடிக்க இன்னொருத்தனா?” என்று அத்தனையையும் அவனே பிரித்தான். மூன்று வாரமும் பக்கத்தில் குந்தி டார்ச் பிடித்தது நோர்ஜ்மா. எந்தத் துண்டு எதற்கு என்று அவளுக்கு விளக்கி விளக்கித் தன் மேதைமையைக் காட்டிக்கொண்டது கல்சான்.

“சரி, நீ பஸ்ல கிளம்பு. நான் இதோட மல்லுக்கட்டிக்கிறேன்.”

“பஸ் டவுனோட நின்னுடும். அதுக்கப்புறம் தொண்ணூறு கிலோமீட்டர் வெறும் புல்லு. மேய்ஞ்சுக்கிட்டே போகச் சொல்றியா?” என்று கேட்டுவிட்டு, நோர்ஜ்மா இரண்டாம் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “செரென்பில் அண்ணே! நம்ம ஆளு வண்டி செத்துப்போச்சுன்னு அழுவுது. கொஞ்சம் வந்து பாருங்க!”

“அழலை, திட்டுறேன்!”

செரென்பில் கிழவர் முப்பது வருஷம் ரஷ்ய லாரிகளோடு குடும்பம் நடத்தியவர். கம்பளி விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து தரையில் விரித்தார். சட்டைக் கையைச் சுருட்டினார்.

“இதுக்கு ரெண்டு வழி இருக்கு தம்பி. ஒண்ணு, நோய் எதுன்னு யோசிக்கிறது. இன்னொண்ணு, எல்லாத்தையும் கழட்டிடுறது. முதல் வழி எனக்குப் பழக்கமில்லை.”

பானட் திறந்திருந்தால் நம்ம ஊர் ஆம்பளைக்குக் கால் நிற்காது. அரைமணியில் ஆறு பேர் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு ஸ்பேனர், ஆளுக்கொரு நோய். பேட்டரி விரிப்புக்கு வந்தது. ஏர் ஃபில்டர் வந்தது. கல்சான் ரேடியேட்டருக்கு முன்னால் கையை விரித்து மறித்தான்.

“அண்ணே, ரேடியேட்டரை விட்டுடுங்க! இப்பத்தான் அடைச்சேன்!”

“நீ அடைச்சதா? அப்ப அதைத்தான் முதல்ல கழட்டணும்.”

நோர்ஜ்மா டீயோடு வந்தாள். விரிப்பில் கிடந்ததையெல்லாம் ஒரு பார்வை பார்த்தாள். “எஞ்சினையே இறக்கிடலாமே அண்ணே? உள்ள ஏதாவது ஒளிஞ்சிருந்தா?”

“அதான் சரி” என்றார் கிழவர். “கயிறு கொண்டாங்கடா!”

“ஒரு நிமிஷம்! என்கிட்ட நல்ல ஸ்பேனர் ஒண்ணு இருக்கு!”

மூன்று மாடியையும் மூன்றே மூச்சில் ஏறினான் கல்சான். பூட்ஸுக்குள் கைவிட்டுக் கந்தலை உருவி, பையில் போட்டு, அதே வேகத்தில் இறங்கினான். வண்டிக்குள் தலையை நீட்டினான். கண் கூட்டத்தின் மேல் இருக்க, கை மட்டும் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தது, கந்தலைப் பிரித்தது, உள்ளே இருந்த சதுரத் துண்டைப் பள்ளத்தில் வைத்து அழுத்தியது. இறங்கவில்லை. ஓங்கி அழுத்தினான். பொடியாக உதிர்ந்தது.

குனிந்து பார்த்தான். வெள்ளை. முகர்ந்தான். நக்கியும் பார்த்தான்.

ஆரூல்! வெயிலில் காயவைத்த தயிர்க்கட்டி! அவன் வீட்டு ஆரூலேதான், கொஞ்சம் புளிப்புத் தூக்கல்.

மெல்ல நிமிர்ந்தான். நோர்ஜ்மா ஒரு கிண்ணம் ஆரூலோடு சுற்றி வந்து ஆளுக்கொன்று கொடுத்துக்கொண்டிருந்தாள். “உனக்கு? ஓ, நீ முன்னாடியே எடுத்துக்கிட்டியா?”

கல்சானுக்கு ரத்தம் காது வரை ஏறியது. என்னவென்று சொல்வான்? ‘ரிலேயை எடுத்தவள் நீ’ என்றால், ‘எங்கிருந்து எடுத்தேன்’ என்று கேட்பாள்.

“யாரோ… வண்டியிலேருந்து ஒரு சாமானை எடுத்திருக்காங்க.”

“அடப்பாவமே! போலீஸைக் கூப்பிடுவோம்.”

“வேணாம் வேணாம்! எடுத்தவர் நல்லவர்தான்னு தோணுது.”

“எந்த எடுத்தவர்? நேத்து எடுத்தவரா, இன்னிக்கு எடுத்தவரா?”

ஆறு பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

“இன்னிக்கு எடுத்தவர்” என்றான் கல்சான், பல்லைக் கடித்துக்கொண்டு. “அவர் அதைத் திருப்பிக் குடுத்தா… முடியிறக்குக்குப் போகலாம்.”

“அவர் மனசு எனக்கெப்படித் தெரியும்? ஆனா நான் அவரா இருந்தா, எத்தனை நாள் தங்குறதுன்னு கேப்பேன்.”

“ஒரு நாள்.”

“அஞ்சு.”

“ரெண்டு! அதுக்கு மேல ஒரு பொழுது கிடையாது!”

நோர்ஜ்மா டீக் கெட்டிலை எடுத்துக்கொண்டு மாடிப்படியைப் பார்த்து நடந்தாள். ஓர் அடி, இரண்டு அடி. கிழவர் கயிற்றை எஞ்சினுக்கு அடியில் விட ஆரம்பித்தார்.

“நாலு! நாலு நாள்!”

“தூண்டில்?”

“அதை… ஆத்தோரமா ஒரு மணி நேரம்…”

மூன்றாவது அடி.

“வீட்லயே கிடக்கட்டும்!”

நோர்ஜ்மா திரும்பினாள். கெட்டிலைக் கீழே வைத்தாள். “என்கிட்டச் சொல்லி என்னய்யா புண்ணியம்? எடுத்தவர்கிட்டச் சொல்லு. எந்த மாடியில இருக்காரோ, காது வேற மந்தமோ என்னவோ.”

கல்சான் கூட்டத்தைப் பார்த்தான். விரிப்பில் கிடந்த தன் ரேடியேட்டரைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஐந்து மாடி ஜன்னல்களையும் அண்ணாந்து பார்த்துக் கத்தினான்:

“எடுத்தவங்க யாரா இருந்தாலும் சரிங்க! நாலு நாள், தூண்டில் இல்லாம, எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டேன்! இனிமேலாவது மனசு இரங்கி, அதைத் திருப்பிக் குடுத்து, இந்த வண்டியையும் என்னையும் கிளப்பி விட்டுடுங்க!”